அமெரிக்கப் பள்ளிகளில் பாரா, தெரபிஸ்ட் வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் பொதுப் பள்ளி ஒன்றுக்குள் போனால் வகுப்பாசிரியரைத் தவிர இன்னும் பலர் கண்ணில் படுவார்கள். சிறப்புக் கல்விப் பிள்ளைகளோடு இருந்து ஆசிரியருக்கு உதவும் பாரா (பாராப்ரொஃபஷனல்), பேச்சு சிகிச்சையாளர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பள்ளி உளவியலாளர், நர்ஸ், சாப்பாட்டு நேர மேற்பார்வையாளர், பஸ் உதவியாளர் எல்லோரும் பெரும்பாலும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் சம்பளத்தில் இருப்பவர்கள். 2015 மே மாதம் ஹெச்1பி விசாக்காரரின் துணைக்குக் கிடைக்கும் ஹெச்4 விசாவில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி வந்தபின் தமிழ்ப் பெண்களுக்கும் இந்தக் கதவு திறந்தது. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரமே வேலை நேரம் என்பதால் குடும்பத்துக்கும் ஒத்துவரும்.

இந்த வேலையில் நேரும் தவறுகளில் மிகப் பெரியவை பிள்ளைமேல் உள்ள பாசத்தால் நேர்பவை. அவற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அதற்கு முன், வேலைக்குச் சேரும்போதே சறுக்கும் சில இடங்கள்.

காகித வேலையில்

டைட்டில் 1 நிதி (ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கான கூட்டரசு உதவி) பெறும் பள்ளியில் கற்பித்தலுக்கு உதவும் பாராவுக்குப் பள்ளிப் படிப்போடு மூன்றில் ஒன்று வேண்டும்: இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு, அசோசியேட் டிகிரி, அல்லது தகுதித் தேர்வு. பல மாநிலங்கள் ஏற்கும் பாராப்ரோ தேர்வில் வாசிப்பு, கணக்கு, எழுத்து சேர்ந்து 90 கேள்விகள், இரண்டரை மணி நேரம். மதிப்பெண் 420-லிருந்து 480 வரை. தேர்ச்சி எல்லையை அந்தந்த மாநிலம் வைக்கிறது. இந்தியாவில் டிகிரி முடித்தவர்கள் இந்தத் தேர்வு எழுதத் தேவையில்லாமல் போகலாம். ஆனால் சான்றிதழை அப்படியே ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும் என்று நினைப்பதில்தான் முதல் தவறு. வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனங்களின் சங்கமான நாசெஸில் உறுப்பினராக உள்ள நிறுவனத்தின் மதிப்பீட்டு அறிக்கையைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். பின்னால் டீச்சர் லைசென்ஸ் எடுக்கும் எண்ணம் இருந்தால், பாடவாரியாக மதிப்பிடும் அறிக்கையையே முதலிலேயே வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் அதே வேலைக்கு இரண்டு முறை பணம் கட்ட வேண்டிவரும்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் பெயர். மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், கல்யாணத்துக்குப் பின் எடுத்த ஆவணத்தில் கணவர் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று மதிப்பீட்டு நிறுவனத்துக்கோ கைரேகை எடுப்பவருக்கோ தெரியாது. திருமணச் சான்றிதழையும் பெயர் குறித்த பிரமாணப் பத்திரத்தையும் விண்ணப்பத்தோடு தயாராக வையுங்கள்.

வேலை அனுமதி அட்டை முடியும் நாளில் வேலையும் நின்றுவிடும். புதுப்பிக்க விண்ணப்பித்தால் அனுமதி 540 நாள் வரை தானாகவே நீளும் வசதி முன்பு இருந்தது. 2025 அக்டோபர் 30 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு அது பெரும்பாலும் கிடையாது. அட்டை முடிய 180 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். அந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கலிபோர்னியாவில் லைவ் ஸ்கேன் கைரேகைச் சோதனையின் முடிவு அதைக் கேட்ட டிஸ்ட்ரிக்டுக்கு மட்டுமே போகும். பக்கத்து டிஸ்ட்ரிக்டில் போன வருடம் கொடுத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

சம்பளத்தை மணிக்கணக்கில் மட்டும் பார்ப்பதும் தவறு. ஒரு நாளைக்கு எத்தனை மணி, வருடத்துக்கு எத்தனை நாள், மருத்துவக் காப்பீடு உண்டா என்ற மூன்றையும் ஒப்புக்கொள்ளும் முன் கேளுங்கள். வாரம் 30 மணி நேரம் வேலை செய்பவரைத்தான் கூட்டரசின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் முழுநேர ஊழியராகக் கணக்கிடுகிறது. பாரா வேலைகள் பலவும் அந்த எல்லைக்குச் சற்றுக் கீழேயே நிற்கும். கோடையில் வேலையில்லாப் படி கிடைக்கும் என்று நம்பியும் இருக்காதீர்கள். அடுத்த கல்வியாண்டில் வேலை உண்டு என்று டிஸ்ட்ரிக்ட் உறுதிக் கடிதம் கொடுத்துவிட்டால் பொதுவாக அது கிடைக்காது.

அதிகமாக உதவுவது

1997-ல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஜியாங்ரெக்கோவும் அவர் குழுவும் பாராக்கள் பிள்ளைகளோடு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறார்கள் என்று வகுப்பறைகளில் கவனித்து எழுதினார்கள். எப்போதும் பக்கத்திலேயே ஒரு பெரியவர் ஒட்டிக்கொண்டிருந்தால் வகுப்பாசிரியர் அந்தப் பிள்ளையிடம் பேசுவது குறைகிறது, சக பிள்ளைகள் விலகுகிறார்கள், பிள்ளையும் அந்தப் பெரியவரையே சார்ந்துவிடுகிறது. இன்றும் புதிதாகச் சேர்பவர்களிடம் அதிகம் தெரிவது இந்தத் தவறுதான். கையில் எடுத்து ஊட்டி, சட்டை போட்டுவிட்டு வளர்க்கும் வீடுகளிலிருந்து வரும் நமக்கு, சும்மா பார்த்துக்கொண்டு நிற்பது கல்நெஞ்சுத்தனம்போலத் தோன்றும். ஆனால் அப்படி நிற்கத் தெரிவதுதான் இந்த வேலையில் பாதி.

ஜாக்கெட் ஜிப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளியே போக மணி அடித்துவிட்டது, பிள்ளை ஜிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நீங்கள் குனிந்து ஒரே இழுப்பில் போட்டுவிட்டால் மூன்று விநாடியில் வேலை முடியும். நாளைக்கும் அதேதான், ஜூன் வரை அதேதான். மாற்று வழி இது: அடியில் இரண்டு முனைகளையும் கோத்து, மேலே ஒரு விரற்கடை மிச்சம் வரும்வரை நீங்கள் இழுத்துவிடுங்கள், கடைசி இழுப்பு பிள்ளையுடையது. அது நாலைந்து நாள் நிலைத்தபின் பாதியில் நிறுத்துங்கள். பிறகு கோத்துக் கொடுப்பதோடு விட்டுவிடுங்கள். முடிவிலிருந்து முன்னோக்கி வருவதால் ஒவ்வொரு முறையும் ‘நான் போட்டேன்’ என்ற நிறைவோடு பிள்ளை வெளியே ஓடும்.

உதவிக்கும் படிகள் உண்டு. முதலில் காத்திருத்தல், அடுத்து கண்ணாலோ விரலாலோ காட்டுதல், பிறகு சொல், பிறகு செய்து காட்டுதல், அதற்கும் பிறகுதான் கைமேல் கை வைத்தல். எந்தப் பிள்ளைக்கு எந்தப் படியில் தொடங்க வேண்டும் என்று ஐஇபி என்னும் பிள்ளையின் தனிக் கல்வித் திட்டத்தைப் பார்த்தோ ஆசிரியரிடம் கேட்டோ தெரிந்துகொள்ளுங்கள். பலர் முதல் படியைத் தாண்டிவிடுகிறார்கள். கேள்வி கேட்ட பிறகு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். சில பிள்ளைகளுக்குப் பத்து. இடையில் ‘எடு, எடும்மா, அந்தப் பென்சில்தான்’ என்று பேசிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் பிள்ளை மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டும். சொல்லாகக் கொடுக்கும் உதவியைத் திரும்ப எடுப்பது மிகக் கடினம் என்பதையும் நினைவில் வையுங்கள். படத்தைச் சுட்டிக் காட்டினால் கையை மெல்லப் பின்வாங்கலாம். குரலுக்குப் பழகிய பிள்ளை குரல் வரும்வரை உட்கார்ந்திருக்கும்.

நாற்காலியைப் பிள்ளையின் தோளோடு தோளாகப் போடாதீர்கள். சற்றுப் பின்னால், பக்கவாட்டில் போடுங்கள். முடிந்தபோதெல்லாம் எழுந்து மற்ற பிள்ளைகளுக்கும் உதவுங்கள். பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினால், தாளின் ஓரத்தில் ‘சொன்னதை எழுதியது’ என்று குறியுங்கள். தப்பான விடையைத் திருத்தி எழுதிவிட்டால் பிள்ளைக்கு அந்தப் பாடம் வந்துவிட்டது என்று ஆசிரியர் நம்புவார். ஐஇபி கூட்டத்தில் அந்த உதவியையே குறைத்துவிடுவார்கள்.

எழுதி வைப்பது

‘இன்று ரொம்பக் கோபமாக இருந்தான்’ என்ற குறிப்பு யாருக்கும் பயன்படாது. ‘10:15, கணக்குத் தாள் கொடுத்ததும் மேசையைக் கையால் இரண்டு முறை அடித்தான், தாளைக் கீழே போட்டான், ஆசிரியர் தாளை எடுத்துவிட்டார், 10:17-க்கு அமைதி’ என்று எழுதினால், தாளிலிருந்து தப்பிக்கவே இது நடக்கிறது என்று உளவியலாளருக்குப் புரியும். முன்னால் என்ன, நடந்தது என்ன, பின்னால் என்ன என்ற மூன்றும் வேண்டும். உள்ளே என்ன நினைத்தான் என்பது உங்கள் ஊகம், அதை விட்டுவிடுங்கள்.

எண்ணிக்கையை மூன்று மணிக்கு உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். வலது பாக்கெட்டில் பத்து பேப்பர் கிளிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முறை நடக்கும்போதும் ஒன்றை இடதுக்கு மாற்றினால் போதும். வேலை நேரம் முடிந்தபின் வீட்டில் உட்கார்ந்து இந்தக் குறிப்புகளை எழுதுவதும் தவறு. நீங்கள் மணிக் கணக்கில் சம்பளம் வாங்குபவர். செய்த வேலைக்குச் சம்பளம் தர வேண்டியது சட்டம். நேரம் போதவில்லையென்றால் ஆசிரியரிடம் சொல்லி, பள்ளி நேரத்துக்குள்ளேயே பத்து நிமிடம் ஒதுக்கி வாங்குங்கள்.

வாயைத் திறக்கும் இடங்கள்

மாணவர் பதிவேட்டின் தனியுரிமையைக் காக்கும் ஃபெர்பா சட்டம் 1974-லிருந்தே இருக்கிறது. கோவிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் பிறந்தநாள் விருந்திலும்தான் அதற்குச் சோதனை வரும். ‘அந்தப் பையன் உங்க கிளாஸ்தானாமே, எப்படி இருக்கான்?’ என்று அக்கறையோடுதான் கேட்பார்கள். ‘பள்ளியில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி நான் பேசக் கூடாதுங்க’ என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். ‘நல்லா இருக்கான்’ என்றுகூட வேண்டாம். அவன் அந்த வகுப்பில் இருப்பதையே அது உறுதி செய்துவிடும். பெயர் சொல்லாமல் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாலும், ஊரில் நாலே தமிழ்க் குடும்பம் இருக்கும்போது யாரென்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் சொந்த போனில் பிள்ளையைப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். மாலையில் பெற்றோர் கேட்கும் முன்னேற்றக் கேள்விகளை ஆசிரியரிடம் அனுப்பிவிடுங்கள்.

தமிழ் தெரியும் என்பதற்காக ஐஇபி கூட்டத்தில் திடீரென்று மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். பெற்றோருக்குக் கூட்டம் புரியும்படி மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது டிஸ்ட்ரிக்டின் கடமை. பயிற்சி இல்லாமல் உட்கார்ந்தால் ‘மைல்டு’ என்று உளவியலாளர் சொன்னதை ‘ஒண்ணும் பெரிசா இல்லை’ என்று ஆறுதலாக மாற்றிவிடுவோம். அந்த ஆறுதலை நம்பி அம்மா கையெழுத்துப் போட்டுவிடுவார். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

உயிரும் சட்டமும்

பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்று நியாயமான சந்தேகம் வந்தால் புகார் செய்வது, சட்டம் பெயர் குறிப்பிடும் ஒவ்வொரு பள்ளி ஊழியரின் தனிக் கடமை. பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டேன் என்பது கலிபோர்னியாவில் அந்தக் கடமையைத் தீர்க்காது: நீங்களே உடனே போனில் சொல்லி, 36 மணி நேரத்துக்குள் எழுத்திலும் அனுப்ப வேண்டும். ‘அப்பாவா அடிச்சாரு?’ என்று பிள்ளையைக் குடைந்து கேட்காதீர்கள். பதிலை நீங்களே ஊட்டியதாகிவிடும். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்கும் கொடுக்காதீர்கள். நம் வீட்டில் அடிப்பது சகஜம் என்ற எண்ணமும் இங்கே குறுக்கே வரக் கூடாது.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுக்கும் பழக்கத்தை மறந்துவிடுங்கள். வாயிலும் எதையும் வைக்கக் கூடாது. தொடங்கிய நேரத்தைப் பாருங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 911. நர்ஸ் எழுதிய திட்டம் அதற்கு முன்பே கூப்பிடச் சொன்னால் அதன்படி செய்யுங்கள். கடும் ஒவ்வாமைக்கான எபிபென் ஊசி போடப் பயிற்சி பெற்றிருந்தால், ஒவ்வாமை முற்றும்போது தொடையின் வெளிப்பக்கத்தில் அழுத்தி மூன்று விநாடி பிடித்து, உடனே 911-ஐ அழையுங்கள். உங்கள் டிபனிலிருந்து ஒரு வாய் கொடுப்பது எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். வேர்க்கடலை ஒவ்வாமை ஒரு பக்கம். விழுங்குவதில் சிரமம் உள்ள பிள்ளைக்கு இட்லிகூட தொண்டையில் அடைக்கலாம்.

பிள்ளை கட்டுப்பாடு இழக்கும்போது, பயிற்சி இல்லாமல் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பி, இடம் விட்டு, குரலைத் தாழ்த்துங்கள்.

ஸ்பெஷலிஸ்டுகளுக்கு

ஐஇபியில் வாரம் இரண்டு முறை 30 நிமிடம் என்று எழுதியிருந்தால் அது சட்டப்படியான வாக்கு. ஒரு கூட்டத்துக்காக நீங்கள் செஷனை ரத்து செய்தால் ஈடுகட்டும் நாளை அன்றே குறியுங்கள். நடக்காத செஷனை மெடிக்கெய்ட் (அரசு மருத்துவக் காப்பீடு) பதிவில் நடந்ததாக எழுதினால் அது மோசடி. பெற்றோர் சம்மதம் கைக்கு வந்த நாளிலிருந்து மதிப்பீட்டுக்குக் கூட்டரசுச் சட்டம் 60 நாள் தருகிறது. மாநிலம் வேறு கெடு வைத்திருந்தால் அதுதான் செல்லும். டெக்சாஸில் பள்ளி நாட்களாக 45.

தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை ‘பஸ்’ஸை ‘பஸ்ஸு’ என்று முடித்தாலோ, ஆங்கிலத்தில் நாக்கைப் பல்லிடையே வைக்கும் ஒலிக்குத் தமிழின் ‘த’வைப் போட்டாலோ அது குறைபாடு அல்ல, தாய்மொழியின் சாயல். தமிழிலும் அதே வயதுப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருக்கிறதா என்று பாட்டியிடமாவது கேட்காமல், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பிள்ளையைச் சிறப்புக் கல்விக்கு அனுப்பிவிடக் கூடாது. ஐஇபி கூட்டத்துக்கு வரைவு கொண்டுவரலாம். முடிவை முன்பே எடுத்துவிட்டுப் பெற்றோரிடம் கையெழுத்து மட்டும் கேட்கக் கூடாது.

லீவு போடும் நாளுக்கு

நீங்கள் வராத நாளில் யாரோ ஒரு சப் (மாற்று ஊழியர்) உங்கள் இடத்தில் நிற்பார். அவருக்காக ஒரே ஒரு பக்கம் எழுதி ஆசிரியரிடம் கொடுத்து, பூட்டும் டிராயரில் வைக்கச் சொல்லுங்கள்: கழிப்பறை நேரம், ஒவ்வாமை, எந்தப் படியில் உதவி தொடங்க வேண்டும், எது பிள்ளையை அமைதிப்படுத்தும், தீயணைப்பு ஒத்திகை மணி அடித்தால் காதுக்கு எந்த ஹெட்போன், அது எந்தக் கொக்கியில் தொங்குகிறது. ஜிப் விஷயத்தையும் எழுதுங்கள், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதோடு.