எக்செலில் தமிழ்ப் பெயர்கள் உருமாறி வந்தால்

தமிழ்மொழி மாத நிகழ்ச்சிக்குப் பதிந்தவர்களின் பட்டியல் சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெற்று உரையாக வந்தது. எக்செலில் திறந்தால் ஒரே கிறுக்கல்! ஒவ்வொரு 'க'வும் மூன்றாகப் பிரிந்து கிடந்தது: தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஓர் ஆர், ஒரு கரும்புள்ளி.

கோப்பு கெட்டுப்போகவில்லை. யுடிஎஃப்-8 என்பது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் ஒரு முறை (குறியாக்கம்). அதில் 'க' 3 பைட் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு), கொக்கி சேர்ந்த 'கு' 6 பைட். எக்செல் அதைப் பழைய விண்டோஸ் குறியாக்கம் என்று நினைத்து, பைட்டுக்கு ஓர் எழுத்தாகக் காட்டிவிட்டது. எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம் என்று 90களில் பட்ட பாட்டுக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

சேமிக்காமல் மூடிவிடுங்கள், இதுதான் முக்கியம். அப்புறம் வெற்றுத் தாளில் 'டேட்டா' பட்டியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி'யை அழுத்திக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். 'ஃபைல் ஆரிஜின்' என்ற இடத்தில் 65001 யுடிஎஃப்-8 என்று மாற்றினால் கீழே முன்தோற்றத்திலேயே தமிழ் வந்துவிடும்.

வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் மட்டும் சிக்கல். பெரும்பாலும் யாரோ தவறான முறையில் சேமித்து எழுத்துகளை இழந்திருப்பார்கள். மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் அனுப்பும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' வகையாகச் சேமியுங்கள்; பட்டியலில் சாதா சிஎஸ்வியும் இருக்கும், கை அதற்குப் போய்விடும்.