அணு பேட்டரி: ஆண்டைப் பார்த்து மயங்காதீர்கள், வாட்டைப் பாருங்கள்

2024 ஜனவரியில் பெய்ஜிங்கின் பீட்டாவோல்ட் நிறுவனம் நிக்கல்-63 என்ற கதிரியக்கப் பொருளை வைத்துச் செய்த பிவி100 பேட்டரியை அறிவித்தது. அணுக்கள் தானாகச் சிதையும்போது வரும் ஆற்றலை மின்சாரமாக்குவதுதான் அணு பேட்டரி. சார்ஜ் போடவே வேண்டாம், 50 ஆண்டு உழைக்கும் என்றார்கள். உடனே "இனி போனுக்கு சார்ஜர் தேவையில்லை" என்று செய்திகள் பறந்தன.

பலரும் சறுக்குவது இங்கேதான். அதே அறிவிப்பில் 3 வோல்ட்டில் 100 மைக்ரோவாட் என்றும் இருந்தது. ஒரு வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 எம்ஏஎச் போன் பேட்டரியில் சுமார் 19 வாட்-மணி ஆற்றல் இருக்கும். பிவி100 அதை ஒரு தடவை நிரப்ப ஏறக்குறைய 22 ஆண்டு ஆகும், அதுவும் எதுவும் வீணாகாமல் இருந்தால். அதனால் இது உதவாது என்றில்லை. ஆள் போய் பேட்டரி மாற்ற முடியாத இடத்தில் இருக்கும் சென்சாருக்கு, மின்தேக்கியில் (கெப்பாசிட்டர்) கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து எப்போதாவது ஒரு தகவல் அனுப்ப, இது தாராளம்.

அடுத்த சறுக்கல், அரை ஆயுட்காலத்தையே, அதாவது கதிரியக்க அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலத்தையே, பேட்டரியின் ஆயுளாக எடுத்துக்கொள்வது. டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனுக்கு அது 12.3 ஆண்டு, அதற்குள்ளேயே கதிர்வீச்சு பாதியாகிவிடும். நிக்கல்-63க்கு சுமார் 100 ஆண்டு. கார்பன்-14க்கு 5,700 ஆண்டு என்பதால், 2024 டிசம்பரில் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் அதை வைத்துச் செய்து காட்டிய வைர பேட்டரி ஆயிரக்கணக்கான ஆண்டு ஓடும் என்று பேச்சு. ஓடலாம்தான். ஆனால் அவ்வளவு மெதுவாகச் சிதையும் அணு நொடிக்கு நொடி தருவதும் சொற்பமே. தவிர, சிதையும் அணுவிலிருந்து பாயும் எலக்ட்ரான்களான பீட்டா துகள்களை மின்சாரமாக்கும் குறைக்கடத்தியும் (செமிகண்டக்டர்) அத்தனை காலம் தாங்க வேண்டுமே!

இந்த பேட்டரிகளுக்கு நாசாவின் வாயேஜர் விண்கலங்களை உதாரணம் காட்டுவதும் சரியல்ல. 1977இல் கிளம்பிய அந்த விண்கலங்களில் இருப்பது புளுட்டோனியம்-238 என்ற கதிரியக்கப் பொருள். அதன் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஆரம்பத்தில் சுமார் 470 வாட் கிடைத்தது. நாணய அளவு பேட்டரியோடு அதை ஒப்பிட முடியாது.

"வெடித்துவிடுமா?" என்ற பயம் வேண்டாம். இங்கே அணுப்பிளவும் இல்லை, தொடர்வினையும் இல்லை. நிக்கல்-63இன் பீட்டா துகள் உறையைத் தாண்டாது. ஆனால் உடைத்துப் பார்க்கும் ஆசை மட்டும் கூடாது, உள்ளிருப்பது உடம்புக்குள் போனால் கதை வேறு. அப்புறம், இதற்கு ஆஃப் சுவிட்ச் கிடையாது. கருவி செத்த பிறகும் சிதைவு நடந்துகொண்டே இருக்கும் என்பதால் பழைய இரும்புக் கடைக்கோ குப்பைத் தொட்டிக்கோ போகக் கூடாத பொருள் இது.