பழைய கோக் மெஷினைச் சீராக்குவது எப்படி: பெயிண்ட் கடைசியில்

பழைய சோடா வெண்டிங் மெஷின் கைக்கு வந்ததும் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது சிவப்புப் பெயிண்ட். அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். பளபளவென்று பெயிண்ட் அடித்து முடித்த பிறகு கம்ப்ரஸர் செத்துக் கிடப்பது தெரிந்தால், அதை வெளியே இழுக்கும்போது கீறல் புதுப் பெயிண்டில்தான் விழும். 1940, 50-களில் அமெரிக்காவில் செய்த பாட்டில் மெஷின்களுக்கான முறையை, வேலை நடக்க வேண்டிய அதே வரிசையில் சொல்கிறோம்.

1. எந்த மெஷின் என்று கண்டுபிடியுங்கள்

கதவில் எழுதியிருக்கும் பெயரை நம்ப வேண்டாம். ஒரே மெஷினுக்கே பின்னாளில் வேறு நிறம் பூசி வேறு பானம் விற்றிருக்கிறார்கள். கதவின் உள்பக்கத்திலோ முதுகிலோ ரிவெட் அடித்த சின்னத் தகடு ஒன்று இருக்கும். மாடல், சீரியல் எண், வோல்ட், ஆம்பியர், குளிரூட்டும் கேஸ் எது, எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். அழுக்கை ஈரத்துணியால் மட்டும் துடைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தின்னர் போட்டால் எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

அதிகம் கண்ணில் படும் பெயர்கள்: மிசோரி மாநிலம் கான்ஸாஸ் சிட்டியின் வெண்டோ, கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகர வெண்டோர்லேட்டர் (இதை 1956-ல் வெண்டோவே வாங்கிவிட்டது), டென்னசியில் சட்டனூகாவின் கேவலியர். மாடல் எண் பெரும்பாலும் உள்ளே நிற்கும் பாட்டில்களின் எண்ணிக்கைதான். வெண்டோ 39, 44, 81, கேவலியர் 72, 96 என்பதெல்லாம் அப்படி வந்தவை. உதிரிபாகம் தேடும்போது எண்ணோடு கம்பெனி பெயரையும் சேர்த்தே தேடுங்கள்.

வாங்கும் முன் ஒரு பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள். 1955-ல்தான் கோக்கோ கோலா பெரிய பாட்டில்களை இறக்கியது. அதுவரை இருந்தது ஆறரை அவுன்ஸ் பாட்டில், அதாவது சுமார் 192 மி.லி. அந்த அளவுக்குச் செய்த மெஷினில் இன்றைய 355 மி.லி. கண்ணாடி பாட்டிலைப் போட்டால் சிக்கிக்கொள்ளும்.

2. பிளக்கைச் செருகாதீர்கள்

"ஓடுதான்னு பார்ப்போம்" என்று செருகுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அந்தக் காலத்து வயரின் ரப்பர் உறை விரலால் வளைத்தாலே பொரிந்து கொட்டும். உள்ளே இருக்கும் செம்பு மெஷினின் இரும்பு உடம்பைத் தொட்டால் கதவைத் திறப்பவருக்கு ஷாக். பழைய இரண்டு முள் கார்டில் எர்த்தும் கிடையாது. 14 கேஜ், மூன்று கம்பி கார்டு போட்டு, பச்சை (எர்த்) வயரைப் பெயிண்ட் சுரண்டிய இரும்பில் இறுக்குங்கள். உள் வயரிங்கை ஒவ்வொன்றாகக் கழற்றி, அங்கேயே புதியதை மாட்டி வாருங்கள். மொத்தமாகப் பிடுங்கிவிட்டால் எது எங்கே போனது என்று தெரியாமல் நிற்பீர்கள்.

பிறகு கம்ப்ரஸரின் மூன்று முனைகளையும் இரண்டிரண்டாக மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். சிறிய இரண்டு அளவுகளைக் கூட்டினால் மூன்றாவது வர வேண்டும். உதாரணமாக 3 ஓம், 8 ஓம் என்றால் மற்றது 11. எந்த முனைக்கும் கம்ப்ரஸர் உடம்புக்கும் இடையே தொடர்பு காட்டினால் அந்தக் கம்ப்ரஸர் முடிந்தது.

மெஷின் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. இந்தியாவுக்கோ இலங்கைக்கோ கொண்டுபோனால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. மோட்டார் மெதுவாக ஓடிச் சூடாகும். 230 வோல்ட் கம்ப்ரஸராக மாற்றிவிடுவதே நிம்மதி.

3. குளிர்ச்சி

தகட்டில் ஆர்-12 என்று இருந்தால், அந்த கேஸின் உற்பத்தி அமெரிக்காவில் 1995 முடிவோடு நின்றுவிட்டது. மிகப் பழைய மெஷின்களில் சல்ஃபர் டை ஆக்சைடு இருக்கக்கூடும். அது விஷம், குழாயை நீங்களாக வெட்டவே கூடாது. ஆர்-12 போன்ற கேஸைக் காற்றில் திறந்துவிடுவதும் அங்கே சட்டப்படி குற்றம். இந்த வேலையை உரிமம் உள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய கம்ப்ரஸரில் இருப்பது மினரல் ஆயில், அது ஆர்-12-க்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ கேஸோடு கலக்காது. "அதே கம்ப்ரஸரில் புது கேஸ் ஏத்திடலாம்" என்று சொன்னால் தலையாட்டாதீர்கள். அதே குதிரைத்திறன் கொண்ட புதுக் கம்ப்ரஸர், ஈரத்தை உறிஞ்சும் புது டிரையர், நன்றாக வேக்யூம் இழுத்த பிறகே கேஸ் என்று கேளுங்கள்.

வண்டியில் ஏற்றும்போது மெஷினை நிமிர்த்தியே வையுங்கள். வேறு வழியில்லாமல் படுக்க வைத்திருந்தால், நிமிர்த்தி ஒரு நாள் விட்ட பிறகே ஓட்டுங்கள். கம்ப்ரஸர் ஆயில் திரும்பி இறங்க வேண்டும்.

4. காசுப் பொறி

மெஷினின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கோக் 1886-லிருந்து 1950-களின் இறுதிவரை ஐந்து சென்டுக்கே விற்றதற்கு, ஒரே நிக்கல் (ஐந்து சென்ட்) காசை மட்டும் விழுங்கும் இந்த மெஷின்களும் ஒரு காரணம். விலையை ஒரேயடியாகப் பத்து சென்டாக்க மனமில்லாமல், கோக்கோ கோலா கம்பெனி 1953-ல் ஏழரை சென்ட் காசு அச்சடிக்கச் சொல்லி அரசாங்கத்தையே கேட்டுப் பார்த்தது. கிடைக்கவில்லை.

பொறியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். காசு முதலில் ஒரு குட்டித் தராசில் விழும். எடை குறைந்தால் தராசு சாயாது, காசு திரும்பி வந்துவிடும். சாய்ந்தால் காசு ஒரு காந்தத்தைத் தாண்டி உருளும். இரும்புத் துண்டு அங்கேயே ஒட்டிக்கொள்ளும். நல்ல காசு சரியான வேகத்தில் ஓடி, ஒரு சின்ன முட்டில் மோதித் துள்ளி உள்ளே போகும். நிக்கல் காசு இன்றும் 5 கிராம், 21.21 மி.மீ. என்பதால், நேற்று அச்சடித்த காசையும் எழுபது வருஷத்து மெஷின் ஏற்றுக்கொள்ளும்.

காசு திரும்பத் திரும்ப வெளியே வந்தால் பெரும்பாலும் காரணம் காய்ந்த சர்க்கரைப் பிசின். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ் போட்டுக் கழுவி, முழுக்கக் காயவையுங்கள். காந்தத்தில் ஒட்டிய இரும்புத் தூளை டேப்பால் ஒற்றி எடுங்கள். எண்ணெய் மட்டும் விடவே கூடாது. தூசி சேர்ந்து ஒரே மாதத்தில் மறுபடி சிக்கும். கிராஃபைட் பொடி ஒரு சிட்டிகை போதும். தராசை வளைத்துச் "சரிசெய்ய" முயலாதீர்கள்.

5. உடம்பு

துரு முதலில் தின்பது அடித்தளத்தை, தண்ணீர் வடிந்து தேங்குவது அங்கேதான். உள் தகட்டைக் கழற்றினால் நனைந்து நாறும் இன்சுலேஷன் இருக்கும், எலிக்கூடும் இருக்கலாம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அதே கனத்தில் ஃபோம் போர்டு வெட்டிப் பொருத்துங்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த உப்புத்தாள் வேண்டாம், தண்ணீர் போட்டுத் தேயுங்கள், முகக்கவசம் கட்டாயம். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யக் கொடுத்தால் மெல்லிய கதவுத் தகடு நெளிந்துவிடும். புடைப்பு எழுத்து உள்ள கதவுக்குப் பெயிண்ட் ரிமூவர்தான் நல்லது. ஒடுக்கு எடுத்து, பட்டி பார்த்து, எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். நிறத்துக்கு, காசுத் தகட்டைக் கழற்றினால் அதன் அடியில் வெயில் படாத அசல் சிவப்பு இருக்கும், அதைக் கார் பெயிண்ட் கடையில் காட்டி மேட்ச் செய்யச் சொல்லுங்கள். ஹார்டனர் கலந்த பெயிண்டை வீட்டில் அடிக்காதீர்கள், அதன் ஆவி நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண மாஸ்க் தாங்காது. சிவப்பு நன்றாகக் காய்ந்த பிறகு, கெட்டியான சின்ன ரப்பர் ரோலரில் வெள்ளையைத் தொட்டுப் புடைப்பின் மேல் மட்டும் உருட்டினால் எழுத்து எழும்பி வரும்.

அசல் பெயிண்ட் பாதிக்கு மேல் நன்றாக இருந்தால் இந்த ஐந்தாவது படியையே விட்டுவிடுங்கள் என்பதுதான் எங்கள் கருத்து. கழுவி வேக்ஸ் போட்டாலே போதும். அசல் பூச்சு ஒரு தடவை போனால் போனதுதான்.

6. மூட்டுவது

கதவைச் சுற்றிப் புதுக் கேஸ்கெட் (ரப்பர் பட்டை) ஒட்டிய பின் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். லேசாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் ஒழுகும். தெர்மோஸ்டாட்டை நடுவில் வைத்து, தண்ணீர் நிரப்பிய ஒரு பாட்டிலில் தெர்மாமீட்டர் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் 1 முதல் 4 டிகிரி செல்சியஸ் காட்டினால் பாட்டில்களை அடுக்கலாம். அதற்குக் கீழே போயிருந்தால் தெர்மோஸ்டாட்டைக் குளிர்ச்சி குறையும் பக்கம் கொஞ்சம் திருப்பி இன்னும் ஒரு இரவு பாருங்கள். சோடா உறைந்தால் பாட்டில் உள்ளேயே வெடித்து, கண்ணாடித் துண்டு பாட்டில் வழியில் போய்ச் சிக்கும்.