கண் பார்வை இல்லாமல் தோட்டத்து இழுவண்டியைப் பாகம் பாகமாகப் பூட்டுவதும் பஞ்சர் ஒட்டுவதும்

எனக்குப் பார்வை கிடையாது. தோட்டத்துக்கு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி எனக்குச் சரிப்படவில்லை. அதைத் தள்ள இரண்டு கையும் வேண்டும், வெள்ளைக் கோலைப் பிடிக்கக் கை மிஞ்சாது. நாலு சக்கர இழுவண்டி என்றால் ஒரு கையில் கோல், இன்னொரு கையில் பின்னால் வரும் வண்டி. பாகம் பாகமாகப் பெட்டியில் வந்த அந்த வண்டியை நானே பூட்டினேன். எப்படி என்று சொல்கிறேன்.

பெட்டியைத் திறக்கும் முன்

தரையில் தடித்த போர்வை ஒன்றை விரித்து, நான்கு ஓரத்தையும் உள்பக்கம் சுருட்டிவிடுங்கள். வெறும் தரையில் விழுந்த நட்டு உருண்டு ஓடிவிடும், போர்வையில் விழுந்தது அங்கேயே கிடக்கும். உதவிக்கு வருகிறவர் யாராக இருந்தாலும், எதையும் எடுத்து ஒழுங்காக அடுக்கி வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாம் வைத்த இடம்தான் நமக்கு ஒழுங்கு.

செய்முறைத் தாளில் பெரும்பாலும் படம்தான் இருக்கும், எழுத்தைப் படிக்கும் செயலிக்கு அதில் வேலையில்லை. நான் ‘பி மை ஐஸ்’ செயலியில், போன் கேமரா வழியாகப் பார்த்துச் சொல்லும் தன்னார்வலர் ஒருவரை அழைத்தேன். அதைத் தொடங்கியவர் ஹான்ஸ் யோர்ஜன் வீபெர்க், டென்மார்க்கைச் சேர்ந்த மரச்சாமான் கைவினைஞர், அவருக்கும் பார்வைக் குறைபாடு உண்டு. 2015-இல் வெளிவந்தது. அழைத்ததும் “படத்தில் என்ன இருக்கிறது?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “இந்த வளைவு உள்பக்கமா வெளிப்பக்கமா?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதிலைக் குரல் பதிவாக வைத்துக்கொண்டால் மறுபடி அழைக்க வேண்டியிருக்காது.

தகட்டின் ஓரங்களில் பிசிறு இருக்கும். விரல் நுனியை ஓட்டிப் பார்க்காமல் நகத்தின் மேல்புறத்தால் வருடுங்கள். பிசிறு நகத்தில் தட்டும், சதை தப்பிக்கும்.

போல்ட்டுகளைப் பிரிப்பது

முட்டை அட்டை ஒன்று போதும், ஒரு குழிக்கு ஒரு வகை. நீளம் பார்க்க, எல்லாப் போல்ட்டையும் தலை கீழாக வரிசையாக நிறுத்தி மேலே உள்ளங்கையை மெல்ல ஓட்டுங்கள். குட்டையானது இருக்கும் இடத்தில் கை தாழும். தலைக்கு அடியில் சதுரக் கழுத்து இருந்தால் அது சதுர ஓட்டைக்கு உரியது. அதற்குத் தலைப்பக்கம் ஸ்பேனர் வேண்டாம், சதுரம் உட்கார்ந்தால் தானே பிடித்துக்கொள்ளும்.

நட்டின் ஒரு பக்கம் உள்ளே வழுவழுப்பான வளையம் தட்டுப்படுகிறதா? அது நைலான் வளையம், நட்டு தானாகக் கழலாமல் பிடிக்கும். அந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். விரலால் திருகும்போது பாதியில் இறுகி நிற்கும். மரை, அதாவது திருகு வரி, கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். நைலான் இப்போதுதான் பிடித்திருக்கிறது, இனி ஸ்பேனர் வேலை.

கருவிகளில் என் விருப்பம் ரிங் ஸ்பேனரும், எடுத்து மாட்டாமலே முன்னும் பின்னும் ஆட்டி முடுக்கும் ராட்செட்டும்தான். வாய் திறந்த ஸ்பேனர் வழுக்கி விரலைப் பதம் பார்க்கும். எம்8, அதாவது 8 மில்லிமீட்டர் தடிமன் போல்ட்டுக்கு 13 மில்லிமீட்டர் ஸ்பேனர், எம்6-க்கு 10. இந்த இரண்டும் இருந்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். மோட்டார் வைத்த ஸ்க்ரூடிரைவரை நான் இந்த வேலைக்குத் தொடுவதே இல்லை. மரை கோணலாக ஏறினால் கை உணர்ந்து நிறுத்தும், மோட்டார் அப்படியே அழுத்தி மரையைத் தின்றுவிடும்.

என்னை அரை நாள் உட்கார வைத்த இடம்

அடிச்சட்டம். முதல் பக்கத்தின் நாலு போல்ட்டையும் நன்றாக முடுக்கிவிட்டு எதிர்ப்பக்கம் போனேன். ஐந்தாவது உள்ளே போகவில்லை. சுண்டுவிரலை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தால் வட்டம் இல்லை, இரண்டு முனையும் கூர்ந்து இலை வடிவத்தில் இருந்தது. மேல் தகட்டின் ஓட்டையும் கீழ்த் தகட்டின் ஓட்டையும் பாதிப் பாதி ஒதுங்கி நிற்கின்றன என்று அர்த்தம். அது தெரியாமல் தட்டியும் அமுக்கியும் பார்த்து ஒரு போல்ட்டின் மரையைக் கெடுத்தேன்.

சரியான வழி இது. எல்லாப் போல்ட்டையும் முதலில் மாட்டி, நட்டை விரலால் இரண்டே சுற்று மட்டும் ஏற்றுங்கள். சட்டம் கையில் ஆட வேண்டும். கடைசிப் போல்ட்டும் உள்ளே போன பிறகு எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். இடையில் ஏதாவது ஓட்டை இலை வடிவில் தட்டுப்பட்டால் ஒல்லியான ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு நெம்பிப் பிடித்துக்கொண்டு, பக்கத்து ஓட்டையில் போல்ட்டைப் போடுங்கள்.

நட்டை ஏற்றும்போது முதலில் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். ‘டக்’ என்று ஒரு சின்ன இறக்கம் விரலில் தெரியும், மரையும் மரையும் சேரும் இடம் அது. அங்கிருந்து முன்னோக்கித் திருகினால் கோணல் ஏறாது. முடுக்கி முடித்ததும் போல்ட்டின் நுனியை நகத்தால் தொட்டுப் பாருங்கள். நட்டைத் தாண்டி ஒன்றிரண்டு மரையாவது வெளியே நிற்க வேண்டும்.

எது இடது, எது வலது சட்டம் என்பதையும் கையாலேயே சோதிக்கலாம். இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்துப் பிடித்தால் ஓட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று வர வேண்டும். வந்தால் அவை ஜோடி. இடதில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள்.

சக்கரம்

அச்சில் வாஷர், சக்கரம், வாஷர், கடையாணி. இதுதான் வரிசை. வால்வு வெளிப்பக்கம் வரட்டும், காற்றடிக்கக் கை எட்டும். கடையாணியின் இரண்டு காலையும் குறடால் எதிரெதிராக விரித்துவிடுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் கேளுங்கள். ஒரே சீரான ஓசை வர வேண்டும். சுற்றுக்கு ஒரு முறை உரசல் கேட்டால் ஏதோ இடிக்கிறது.

பஞ்சர்

காற்றுள்ள டயர் என்றால் இது ஒரு நாள் வரத்தான் செய்யும். காற்றை முழுதும் இறக்கிய பிறகே சக்கரத்தைப் பிரியுங்கள். சில வண்டிகளில் டயரைத் தாங்கும் வட்டு இரண்டு பாதியாகப் போல்ட் போட்டுச் சேர்த்தது. காற்றோடு அதைக் கழற்றினால் வட்டு தெறிக்கும், பெரிய ஆபத்து.

ட்யூபை வெளியே எடுத்துக் கொஞ்சம் காற்றடித்து, ஈரமான உதட்டுக்குப் பக்கத்தில் மெல்லச் சுற்றுங்கள். கசிவு குளிர்ந்த நூல் போல உதட்டில் படும். அந்த இடத்தில் விரலை வைத்தால் அப்புறம் எடுக்கக் கூடாது. விரலைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, கடைசியாக விரல் இருந்த இடத்தையும் தேயுங்கள். சொரசொரப்பே உங்கள் அடையாளம், அதன் நடுவில்தான் ஓட்டை. காற்றை இறக்கிவிட்டு சொல்யூஷனைத் தடவி, ஓரத்தைப் புறங்கையால் தொட்டால் ஈரம் ஒட்டாத பதம் வரும்வரை பொறுங்கள். அதற்குப் பிறகு ஒட்டுத் துண்டை வைத்து நன்றாக அழுத்துங்கள்.

ட்யூபைத் திரும்பப் போடும் முன் டயரின் உள்சுவரைப் பஞ்சால் துடையுங்கள், விரலால் அல்ல. முள் இருந்தால் பஞ்சு அங்கே சிக்கி நிற்கும். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டில் புடைப்பெழுத்தில் இருக்கும். விரலால் படிக்க முடியாவிட்டால் யாரிடமாவது கேட்டு எழுதி வையுங்கள், அந்த அளவைத் தாண்ட வேண்டாம். அழுத்தத்தை வாய்விட்டுச் சொல்லும் பேசும் கேஜ் ஒன்று வாங்கி வையுங்கள், நிச்சயம் பயன்படும்.

பிறகு சேர்த்தது

சர்க்கரை நோயால் பார்வை போன ஒருவர், விரல் நுனியும் மரத்துவிட்டது, இதெல்லாம் எனக்கு எப்படி என்று கேட்டார். அவருக்காக யோசித்துச் செய்து பார்த்தவை இவை. மரையின் மேல் பல்குத்தும் குச்சியை இழுத்தால் ‘கிர்ர்’ என்று காதிலேயே கேட்கும். நுனியில் எத்தனை மரை வெளியே நிற்கிறது என்று அப்படி எண்ணிவிடலாம். ஓட்டை நேராக இருக்கிறதா என்று விரலுக்குப் பதில் ஸ்க்ரூடிரைவர் சொல்லும், தடையில்லாமல் மறுபக்கம் போய்விட்டால் நேர். கசிவைக் கண்டுபிடிக்க உதடு போதும். தகட்டையும் டயரின் உட்புறத்தையும் மட்டும் எப்போதும் கையுறை போட்டே தொடுங்கள். வெட்டுப்பட்டால் உங்களுக்கு உடனே தெரியாது, வேலை முடிந்ததும் இரண்டு கையையும் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.