பொஸ்டன் மரதன்: இறக்கம்தானே என்று ஏமாறாதீர்கள்

சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டு விழாவில் மரதன் ஓட்டம் வைக்காத ஊர் வன்னியில் குறைவு. அதே சித்திரையில்தான், ஏப்ரல் மூன்றாவது திங்கட்கிழமை, பொஸ்டன் மரதனும் நடக்கிறது. ஏ9 வீதியில் ஓடிப் பழகும் எங்கள் பெடியளும் அதைப் பற்றிப் பேசுவார்கள். பேச்சில் அடிக்கடி அடிபடும் பிழைகள் சில உண்டு.

பெரிய பிழை, "அது இறக்கப் பாதை, இலகு" என்பது. தொடக்க இடமான ஹொப்கின்ரன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 150 மீற்றர் உயரம். முடிவிடம் கிட்டத்தட்டக் கடல் மட்டம். இறக்கம் உண்மைதான், ஆனால் அதில் நல்ல பங்கு முதல் சில கிலோமீற்றர்களிலேயே முடிந்துவிடும். அங்கே கால் தானாக ஓடும், நேரமும் மிச்சமாவதுபோல் இருக்கும். ஒவ்வொரு அடியிலும் உடம்பைத் தாங்கிப் பிடிப்பது முன்தொடைத் தசை. அது நொந்துபோனது அப்போது தெரியாது. 26ஆவது கிலோமீற்றரளவில் நியூட்டன் என்ற ஊரின் ஏற்றங்கள் தொடங்கும்போது தெரியும். நான்கு ஏற்றங்களில் கடைசி, பேர்போன 'ஹார்ட்பிரேக் ஹில்'. உயர்வு 30 மீற்றர்கூட இல்லை. வேறிடத்தில் என்றால் யாரும் பெயர்கூட வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் 32 கிலோமீற்றர் ஓடி, உடம்பில் சேமித்த மாச்சத்து தீரும் நேரத்தில் வருகிறது.

சமதரையில் மட்டும் பழகியவருக்கு இது பொல்லாத பாதை. மேடு தேடினால் எங்களுக்கு இருப்பது இரணைமடுக் குளக்கட்டு மாதிரி இடங்கள்தான். அங்கேயும் ஏறுவதற்குத்தான் பழகுகிறார்கள், இறங்கும்போது நடந்துவிடுகிறார்கள். பொஸ்டனுக்கென்றால் இறங்கியும் ஓட வேண்டும், மெதுவாக, சின்னச் சின்ன அடி வைத்து.

அடுத்தது, பொஸ்டன் நேரத்தை உலக சாதனையோடு ஒப்பிடுவது. 2011இல் கென்யாவின் ஜெஃப்ரி முத்தாய் 2:03:02இல் ஓடினார். அன்றைய உலக சாதனையான 2:03:59ஐ விட வேகம், முதுகுக் காற்றும் உதவியது. இருந்தும் சாதனையாக ஏற்கவில்லை. சாதனைக்குரிய பாதையில் கிலோமீற்றருக்குச் சராசரி 1 மீற்றருக்கு மேல் இறக்கம் இருக்கக்கூடாது. தொடக்கமும் முடிவும் நேர்கோட்டில் ஓட்டத் தூரத்தின் பாதிக்கு மேல் விலகியிருக்கவும் கூடாது. பொஸ்டன் இரண்டையும் மீறுகிறது.

பழைய நேரங்களிலும் கவனம் வேண்டும். இன்றைய மரதன் 42.195 கிலோமீற்றர், ஆனால் 1897இல் முதல் ஓட்டம் 40 கிலோமீற்றருக்கும் குறைவு. தொடக்கம் ஹொப்கின்ரனுக்கு மாறியதே 1924இல்தான். 1951 முதல் 1956 வரை பாதை சுமார் ஒரு கிலோமீற்றர் குறைந்திருந்தது பிறகுதான் தெரியவந்தது. அந்த வருடங்களின் வேகத்தைக் கண்டு மலைக்க வேண்டாம்.

அப்புறம், அங்கு ஓடிய முதல் பெண் கத்ரின் ஸ்விட்சர் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். 1967இல் இலக்கம் குத்தி ஓடியவர் அவர். அதற்கு முந்திய வருடமே இலக்கமில்லாமல் முழுத் தூரமும் ஓடி முடித்தவர் பொபி கிப். பெண்களை முறைப்படி சேர்த்தது 1972இல்.