வன்னிப் பாடசாலைகளில் பாதுகாப்புப் பயிற்சி: எங்கே பிழை விடுகிறோம்?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு சிறிய பாடசாலைக்குப் போய் "இங்கே அனர்த்த முன்னாயத்தப் பயிற்சி எடுத்தவர் யார்?" என்று கேட்டால், அநேகமாக ஒரே ஒரு ஆசிரியரின் பெயரைத்தான் சொல்வார்கள். எப்போதோ கல்வி வலயத்தில் நடந்த ஒரு நாள் செயலமர்வுக்குப் போய் வந்தவராக அவர் இருப்பார். அவருக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டால், படித்ததும் அவரோடு போய்விடும்.

பயிற்சியே நடப்பதில்லை என்று சொல்ல முடியாது. நடக்கிறது. ஆனால் ஆபத்து வரும் நேரத்தில் பாடசாலை வளவுக்குள் நிற்கப்போகிறவர்களுக்கு அது போய்ச் சேருவதில்லை. வன்னியில் நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஒருவரை அனுப்பினால் போதும் என்று நினைப்பது

எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் கணிசமான ஆசிரியர்கள் யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியா நகரிலிருந்தும் பேருந்தில் வந்து போகிறவர்கள். ஒன்றரைக்கு மணியடித்தால் பேருந்தைப் பிடிக்க ஓட வேண்டும். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மழை பெய்தால் எந்த மதகு முதலில் மூடும், எந்தக் கிணற்றின் கட்டு உடைந்திருக்கிறது, எந்தப் பற்றைக்குள் பிள்ளைகள் பந்து பொறுக்கப் போகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. அதைத் தெரிந்தவர்கள் அந்த ஊர்ச் சிற்றூழியரும், இரவுக் காவலாளியும், மதிய உணவு சமைக்கிற அம்மாமாரும்தான். செயலமர்வுக்கு இவர்களை யாரும் அழைப்பதில்லை. அழைத்தாலும் தேநீர் கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறையில் பிடித்த தீ ஓலைக் கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். அப்படியிருக்க, அடுப்புக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிற பெண்ணுக்குத் தீயணைப்புப் பயிற்சி கொடுக்காமல் கணித ஆசிரியருக்குக் கொடுப்பதில் என்ன பயன்? எரிகிற எண்ணெய்ச் சட்டிக்குள் தண்ணீர் ஊற்றக்கூடாது, அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டு மூடியால் மூட வேண்டும் என்பதை முதலில் தெரிந்திருக்க வேண்டியவர் அவர்தான்.

முடிவெடுக்கும் ஆளை முன்பே தீர்மானிக்காமல் விடுவது இதைவிடப் பெரிய பிழை. ஜப்பானைவிட அதிகமாக ஒத்திகை செய்கிற நாடு குறைவு. அங்கேயே 2011 மார்ச் 11 அன்று இஷினோமாக்கி நகரின் ஒக்காவா தொடக்கப் பாடசாலையில் 74 பிள்ளைகளையும் 10 பணியாளர்களையும் ஆழிப்பேரலை கொண்டுபோனது. நிலம் அதிர்ந்ததற்கும் அலை வந்ததற்கும் இடையில் சுமார் 50 நிமிடங்கள் இருந்தன. பாடசாலைக்குப் பின்னால் ஒரு குன்றும் இருந்தது. அதிபர் அன்று பாடசாலையில் இல்லை. ஆசிரியர்கள் பிள்ளைகளை மைதானத்தில் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். பாடசாலையின் கையேட்டில் ஆழிப்பேரலை வந்தால் போக வேண்டிய இடம் தெளிவாக எழுதப்படவில்லை. முன்கூட்டியே ஆயத்தம் செய்யாததுதான் தவறு என்று 2018இல் மேல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

நமது அதிபர்கள் வாரத்தில் எத்தனை நாள் வலயக் கூட்டத்துக்குப் போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதிபர் இல்லை, பிரதி அதிபரும் இல்லை என்றால், வலயத்துக்கு அழைப்பெடுக்காமலே பிள்ளைகளை வெளியேற்ற அதிகாரமுள்ள மூன்றாவது ஆள் யார்? அந்த மூன்று பெயர்களும் வரிசைப்படி எழுதப்பட்டு, வளவில் வேலைசெய்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றில் ஒருவராவது ஊரிலேயே குடியிருப்பவராக இருப்பது நல்லது.

"இதுவரை ஒன்றும் நடக்கவில்லைதானே"

2004 ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தபோது அது ஞாயிற்றுக்கிழமை, அதோடு முழுநிலா நாள். 2018 டிசம்பர் 21 இரவிலிருந்து இரணைமடுக் குளத்துத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூடியபோது விடுமுறைக் காலம். பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது பெரிய அனர்த்தம் வரவில்லை என்பது நாள்காட்டி செய்த உதவி. அதை ஆயத்தத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

மழை பலத்தால் "பிள்ளைகளை நேரத்தோடு வீட்டுக்கு விட்டுவிடுவோம்" என்பதுதான் பலருக்குத் தெரிந்த ஒரே திட்டம். சில வேளை அது சரி. ஆனால் தாய் தகப்பன் கூலி வேலைக்குப் போயிருக்க, ஆறு வயதுப் பிள்ளை தனியாகப் பாய்கிற மதகைக் கடக்க வேண்டிய நிலையை நாமே உண்டாக்கிவிடவும் கூடும். முழங்கால் அளவுத் தண்ணீர் வேகமாக ஓடினால் வளர்ந்தவரையே விழுத்தும். எந்தப் பிள்ளை எந்த வழியால் வருகிறது, அந்த வழியில் தண்ணீர் எங்கே குறுக்கறுக்கும், யாரிடம் கையளித்தால்தான் விடலாம் என்ற பட்டியல் வகுப்பாசிரியரிடம் ஒக்டோபருக்கு முன் இருக்க வேண்டும். குளத்தின் கதவு திறக்கப்படுமா என்பதை வதந்தியிலிருந்து அறியாமல் கிராம அலுவலரிடமும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்திலும் கேட்கப் பழக வேண்டும்.

மண்டபத்துக்குள் மட்டும் கற்பிப்பது

குளிரூட்டிய மண்டபத்தில் படம் காட்டி நில நடுக்கத்தைப் பற்றி இரண்டு மணித்தியாலம் கற்பிக்கிறார்கள். வன்னிப் பிள்ளைக்கு வரக்கூடிய ஆபத்துகளை வரிசைப்படுத்தினால் நில நடுக்கம் கடைசியில்தான் வரும். பாம்பு, குளவி, மின்னல், வெள்ளம், கட்டில்லாத கிணறு, குளம், யானை, வீதி, வெடிபொருள் ஆகியவற்றுக்குப் பிறகுதான். பயிற்றுவிப்பவர் முதலில் அந்தப் பாடசாலை வளவைச் சுற்றி ஒரு தடவை நடக்க வேண்டும். ஆசிரியர்களும் கூடவே நடக்க வேண்டும். 2023 நவம்பரில் வெல்லம்பிட்டியவில் ஒரு பாடசாலையில் தண்ணீர்க் குழாய் பொருத்திய சுவர் இடிந்து ஒரு சின்னப் பிள்ளை இறந்தது. அப்படியான சுவரைப் படத்தில் காட்டிக் கண்டுபிடிக்க முடியாது. கிட்டப் போய்க் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும்.

பாம்புக்கடியில் பிழையான அறிவை மறக்கச் செய்வதுதான் பாதி வேலை. கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேட்டால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாமே கூடுதல் கேடு. பிள்ளையை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், மோதிரம், காப்பு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பாம்பை அடித்துக் கொண்டுபோகவும் வேண்டாம். அதைத் தேடும் நேரத்தில் இன்னொருவர் கடிபடுவார். கட்டுவிரியன் கடித்தால் பல வேளைகளில் தடமும் தெரியாது, வலியும் இருக்காது. காலையில் வயிற்றுவலி என்றும் கண் இமை தூக்க முடியவில்லை என்றும் சொல்கிற பிள்ளையைப் பார்த்ததும், இரவு நிலத்தில் படுத்ததா என்று கேட்க ஆசிரியருக்குத் தோன்ற வேண்டும். விசகடி வைத்தியரிடம் முதலில் காட்டிவிட்டுப் போவோம் என்று பெற்றோர் சொன்னால் மரியாதையோடு மறுக்கவும் பழக வேண்டும். விச முறி மருந்து ஏற்றுகிற வைத்தியசாலை உங்களுக்கு எது கிட்ட? மாங்குளமா, மல்லாவியா, புதுக்குடியிருப்பா, கிளிநொச்சியா? இதை இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.

வலிப்பு வந்த பிள்ளையின் கையில் திறப்பைக் கொடுப்பதும், வாய்க்குள் கரண்டி வைப்பதும் இன்னும் நிற்கவில்லை. பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து, தலையில் எதுவும் இடிபடாமல் பார்த்து, நேரத்தைக் கணக்கெடுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். குளத்தில் மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றவோ வயிற்றை அமுக்கவோ கூடாது. மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, பிறகு நெஞ்சை அமுக்க வேண்டும். அமுக்குகிற வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. இதைப் பார்த்துப் படிக்க முடியாது. ஒவ்வொருவரும் முழங்காலில் இருந்து பொம்மையில் வியர்க்கும்வரை செய்து பார்க்க வேண்டும். நாற்பது பேருக்கு ஒரு பொம்மை என்றால் அது வெறும் செய்துகாட்டல்.

1990 இலக்கத்தைச் சுவரில் எழுதினால் மட்டும் போதாது. அழைப்பை எடுப்பவருக்கு உங்கள் ஊர் தெரியாது. ஏ9 வீதியில் எந்தச் சந்தியில் திரும்புவது, எத்தனை கிலோமீற்றர், எந்தக் கோயிலுக்கு எதிரே என்பதை இரண்டு வசனத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். தொலைபேசி அலை எங்கே கிடைக்கும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

வெடிபொருளைப் பழைய கதையாக எடுப்பது

இன்று பாடசாலையில் படிக்கிற பிள்ளைகள் 2009இல் போர் முடிந்த பின் வளர்ந்தவர்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் தாய்க்கு வருகிற பயம் பிள்ளைக்கு வராது. வெளியூரிலிருந்து வருகிற இளம் ஆசிரியருக்கும் வராது. இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் இணைந்தது. நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க 2028வரை காலம் இருக்கிறது. முகமாலைப் பக்கம் வேலை எவ்வளவு காலமாக நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் ஆசிரியர் பயிற்சிகளில் இந்தப் பகுதி கழன்று விழுந்துகொண்டிருக்கிறது.

பாடசாலைச் சிரமதானம்தான் எனக்கு அதிகம் கவலை தருவது. பற்றை வெட்டி, கிடங்கு தோண்டி, குப்பையைக் குவித்துக் கொளுத்துகிறோம். மண்ணுக்குள் கிடக்கிற வெடிபொருள் நெருப்புச் சூட்டில் வெடிக்கக்கூடும். புதிதாகத் துப்புரவாக்குகிற மூலைகளில் கொளுத்த வேண்டாம். வெள்ளம் மண்ணை அரித்துப் புதைந்ததை மேலே கொண்டுவரும் என்பதால், மழைக்குப் பிறகு பெரியவர் ஒருவர் வளவைப் பார்த்த பின்தான் பிள்ளைகளை விளையாட விட வேண்டும். தெரியாத பொருளைக் கண்டால் தொடாதே, வந்த தடத்திலேயே திரும்பு, பெரியவரிடம் சொல் என்பதைப் பிள்ளை சொல்லிக் காட்ட வேண்டும். பொலிசுக்கும் கிராம அலுவலருக்கும் அறிவிப்பது பெரியவர்களின் வேலை. அதிபர் அந்தப் பொருளைத் தூக்கி அலுவலகத்துக்குக் கொண்டுபோவது எந்தக் காரணத்துக்காகவும் நடக்கக்கூடாது.

சத்தத்தால் பயமுறுத்துவது

ஒத்திகை உண்மை போல இருக்க வேண்டும் என்று வெடி கொளுத்துகிறவர்களும், சிவப்புச் சாயம் பூசிப் பிள்ளைகளை நிலத்தில் கிடத்துகிறவர்களும் உண்டு. வன்னியில் இதைச் செய்யாதீர்கள். ஊழியர்களில் பலர் 2009இல் பிள்ளைகளாக, இளைஞர்களாகப் போருக்குள்ளால் வந்தவர்கள். உறவுகளை இழந்தவர்கள், உடலில் இன்னும் சன்னத் துண்டு சுமப்பவர்கள் இருக்கிறார்கள். சத்தம் கேட்டு ஒருவர் உறைந்து நின்றால் அது அவருடைய பலவீனம் இல்லை. ஆனால் அவர் பொறுப்பில் முப்பது பிள்ளைகள் இருப்பார்கள். ஒத்திகை நடக்கப்போகும் நாளை ஊழியர்களுக்கும் பெற்றோருக்கும் அயலவருக்கும் முன்பே சொல்லுங்கள். வழக்கமான மணியை வேறு தாளத்தில் அடித்தால் போதும். மின்சாரம் நிற்கும்போதும் அது வேலை செய்யும். விலகி நிற்க விரும்புகிறவரை, காரணம் கேட்காமல், வாசலில் பதிவெடுக்கும் வேலைக்கு விடுங்கள்.

நாளைச் சொன்னால் ஒத்திகை நாடகமாகிவிடாதா? நாளைச் சொல்லுங்கள், நேரத்தைச் சொல்லாதீர்கள். இடைவேளையில் மணி அடியுங்கள். ஒரு வாசலை மூடிவையுங்கள். ஒரு பிள்ளையைக் கழிப்பறைப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள், வரவு இடாப்பைக் கையிலெடுத்து வந்த ஆசிரியர்தான் அதைக் கண்டுபிடிப்பார். சக்கர நாற்காலியில் இருக்கிற பிள்ளையை யார் தூக்குகிறார்கள் என்று பாருங்கள். இரண்டு வகுப்பை ஒருவரே பார்க்கிற சின்னப் பாடசாலைகளில் மூத்த மாணவருக்கும் பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பாடசாலை முகாமாக மாறும் நாளை மறப்பது

வெள்ளம் வந்தால் ஊர் முழுக்கப் பாடசாலைக்குத்தான் வரும். 2024 நவம்பரில் உயர்தரப் பரீட்சையையே மழை நிறுத்தி வைத்தது. அடுத்த ஆண்டு டித்வா புயல் வந்தது. ஆனாலும் ஆய்வுகூடத் திறப்பு யாரிடம், அமிலப் போத்தல்களை எங்கே பூட்டுவது, இடாப்புகளை எந்த உயரத்தில் வைப்பது, பெண்களுக்கும் சிறுமியருக்கும் தனியாக எந்தக் கட்டடம், கிணற்றுக்குக் குளோரின் இட யாரைக் கூப்பிடுவது என்று ஊழியர்களோடு ஒருவரும் உட்கார்ந்து கதைப்பதில்லை. பிரதேச செயலக அலுவலரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அழைத்து ஒரு பிற்பகல் கதைத்தால் முடிகிற காரியம் இது.

காலமும் பிழைக்கிறது. ஆண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்று நவம்பரிலும் டிசம்பரிலும் செயலமர்வு வைக்கிறார்கள். அப்போது வடகீழ்ப் பருவமழை ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருக்கும். வெள்ளத்துக்கான பயிற்சியும் மின்னலுக்கான பயிற்சியும் செப்டெம்பருக்குள் முடிய வேண்டும். இடமாற்றம் பெற்றுப் புதிதாக வருகிறவர் கையெழுத்திட்டுப் பொறுப்பெடுக்கும் முதல் வாரத்திலேயே, சிற்றூழியர் அவரைக் கூட்டிக்கொண்டு வளவைச் சுற்றிக்காட்ட வேண்டும். இதற்குச் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இடமாற்றம் பெற்றுப் போகிறவரும், பொருட்பதிவேட்டைக் கையளிப்பதுபோலவே, தன்னிடம் இருந்த வழிப்பட்டியலையும் தொலைபேசி இலக்கங்களையும் அடுத்தவரிடம் கையளித்துவிட்டுத்தான் போக வேண்டும்.