பழைய மதர்போர்டில் ‘அபூர்வம்’ தேடும்போது தவிர்க்க வேண்டியவை

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துக் காயலான் கடையில் 486 செயலிக் காலத்து (1990-களின் முன்பாதி) மதர்போர்டு ஒன்று சிக்கி, அதில் ஏதாவது வழக்கத்துக்கு மாறாக இருந்துவிட்டால், உடனே ‘அபூர்வமான பதிப்பு’ என்று பேர் வைத்துவிடுகிறோம். அந்த மாற்றம் தொழிற்சாலையில் நடந்ததா, பிறகு யாரோ மெக்கானிக் கையில் நடந்ததா என்று முதலில் பாருங்கள்.

பின்பக்கம் ஓடும் மெல்லிய ஒயரையே எடுத்துக்கொள்வோம். வடிவமைப்புப் பிழையைத் திருத்த, தயாரித்தவர்களே ஒயர் போட்டு அனுப்பியது உண்டு. அது பெரும்பாலும் பசை வைத்து ஒழுங்காக ஒட்டியிருக்கும். அதே ரெவிஷன் எண் (வடிவமைப்பின் திருத்த எண்) உள்ள வேறு போர்டுகளிலும் அதே பாதையில் போகும். ஒயர் பேட்டரியைச் சுற்றியே இருந்தால் கதை வேறு. நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து செம்புத் தடத்தை அரித்திருக்கும், யாரோ பழுது பார்த்திருப்பார்கள். சிப் இல்லாத காலி இடங்களும் இப்படித்தான். ஒரே பலகையை ஸ்கஸியோடும் (வட்டு போன்றவற்றை இணைக்கும் வசதி), ஸ்கஸி இல்லாமலும் விற்றார்கள். துளைகள் சுத்தமாக இருந்தால் அங்கே எதுவும் கழற்றப்படவில்லை என்று நம்பலாம்.

நிறைய பேர் சறுக்குவது தேதியில்தான். சிப்பில் 9437 என்றிருந்தால் 1994-ஆம் ஆண்டின் 37-ஆவது வாரம். ஆனால் 7432 என்றிருந்தால் அது 1974 அல்ல, அந்த லாஜிக் சிப்பின் பெயரே அதுதான். ஒரே ஒரு சிப்பைப் பார்த்து ஆண்டைச் சொல்லாதீர்கள். சால்டர் செய்த சிப்களில் மிகப் பிந்தைய தேதி எதுவோ, அதற்கு முன் அந்தப் போர்டு உருவாகியிருக்க முடியாது. சாக்கெட்டில் செருகியவை கணக்கில் வராது, எப்போது வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். கணினியை முதலில் இயக்கி வைக்கும் நிரலான பயாஸின் திரையில் வரும் பதிப்புரிமை ஆண்டும் போர்டின் ஆண்டு இல்லை. கேபினெட்டில் ஒட்டிய அலுவலக ஸ்டிக்கரையும் அளவோடு நம்புங்கள். ‘தருமபுரி மாவட்டம்’ என்றிருந்தால் தருமபுரி ஊர் என்று ஆகிவிடாது. 2004 வரை கிருஷ்ணகிரியும் ஓசூரும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தன.

பயாஸ் சிப்பின் மேல் உள்ள லேபிளைத் தயவுசெய்து உரிக்காதீர்கள். பதிப்பு எண் அதில்தான் இருக்கும். அது, லேபிளுக்கு அடியில் கண்ணாடிச் சன்னல் உள்ள ஈப்ராம் (புற ஊதா ஒளியால் அழியும் நினைவகச் சிப்) என்றால், நேரடி வெயிலில் ஒரு வாரம் கிடந்தாலே உள்ளிருப்பது அழிந்துவிடக்கூடும்.

1990-களின் நடுவில் வந்த சில 486 போர்டுகளில் கேஷ் (செயலிக்கு வேகம் கூட்டும் சிறு நினைவகம்) சிப்களே போலி. உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பிளாஸ்டிக். மேலே ‘ரைட் பேக்’ என்று ஒரு கேஷ் வகையின் பெயர் அச்சு. பயாஸையும் மாற்றி, கேஷ் இருப்பதாகத் திரையில் காட்ட வைத்தார்கள். திரையை நம்பாமல், சிப்பின் கால்களிலிருந்து தடங்கள் எங்காவது போகின்றனவா என்று பாருங்கள். கேஷ்செக் போன்ற நிரலால் நினைவக வேகத்தையும் அளந்துவிடுங்கள். போலி என்று தெரிந்தாலும் குப்பையில் போட வேண்டாம், அந்தச் சிப்களைப் பிடுங்கவும் வேண்டாம். அந்தக் காலத்து வியாபாரத்துக்கு அதுவே சாட்சி. விற்கும்போது மட்டும், போலி கேஷ் என்று எழுதி ஒட்டிக் கொடுங்கள்.